துட்டி வீட்டுக்கு இரண்டு மாநிலம்

*மூணாறு லயங்களிலும் பாலக்காட்டு எல்லையோர ஊர்களிலும் ஒரு சாவு விழுந்தால், எழும் முதல் கேள்வி இதுதான்: "எடுக்கிறது இங்கயா, ஊர்லயா?"*

2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறுக்கு மேலே, ராஜமலையைத் தாண்டி, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான நான்கு லயங்கள் மண்ணுக்கடியில் போயின. மின்சாரம் இல்லை, போன் இல்லை, பெரியவாரையில் பாலமும் இல்லை. வெளியுலகுக்குச் சேதி எட்டவே மறுநாள் காலை ஆனது. இறந்தவர்கள் 70 பேர். 66 உடல்கள் மீட்கப்பட்டன. நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை.

இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்துப் பூர்வீகம் கொண்ட தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். கொரோனா பாஸ் இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாத நாட்கள் அவை. கயத்தாறிலிருந்து பாஸ் வாங்கிக்கொண்டு மலையேறி வந்த சொந்தபந்தங்களுக்கு, உடலை ஊருக்குக் கொண்டுபோவதா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. போஸ்ட்மார்ட்டம் எஸ்டேட்டிலேயே நடந்தது. ராஜமலை மைதானத்தில் மண் அள்ளும் இயந்திரம் வெட்டிய நீளக் குழிகளில் வரிசையாக அடக்கம் செய்தார்கள். நீர்மாலை இல்லை, கோடி இல்லை, நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகனையும் சேர்த்தே பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

பெட்டிமுடி ஒரு பேரிடர். ஆனால் அது அம்பலப்படுத்திய சிக்கல் பேரிடருக்கு மட்டும் உரியதல்ல. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும், பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும் வாழும் தமிழர்களுக்கு ஒவ்வொரு சாதாரண சாவிலும் அதே சிக்கல் உண்டு. வேலையும் ரேஷன் கார்டும் கேரளத்தில். குலதெய்வமும் பங்காளிகளும் தமிழ்நாட்டில். பெரிய ஆஸ்பத்திரி பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம். செத்தவருக்கு ஒரு உடல்தான். துட்டி வீட்டுக்கு மட்டும் இரண்டு மாநிலம்.

லயத்தில் ஒரு சாவு

லயத்து வீடென்றால் ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு ஒடுங்கிய வராந்தா. உடலைக் கிடத்தினால் ஆள் உட்கார இடமிருக்காது. அதனாலேயே அங்கே சாவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியும், எதிர் வரிசையில் வந்தவர்கள் படுப்பார்கள், இளவட்டங்கள் தார்ப்பாய் கட்டுவார்கள். கோயில் கமிட்டியில் இருப்பவரோ யூனியன்காரரோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். குழி வெட்ட யார், கீழே டவுனுக்குப் போக யார், போன் போட யார் என்று பெயர் எழுதிப் பிரிப்பது அவர் வேலை. காசு வாங்கிக்கொண்டு சகலத்தையும் செய்து தரும் கம்பெனிகள் கொச்சியிலும் சென்னையிலும் இருக்கலாம். எஸ்டேட்டில் அந்த நோட்டுப் புத்தகம்தான் கம்பெனி.

நேரம் குறிப்பதும் அவர்தான். அதில் பெரிய கணக்கு, வரவேண்டியவர்கள் எந்த ஊரில் கிளம்பியிருக்கிறார்கள் என்பது. இறந்தது பெண் என்றால் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். அண்ணன் தம்பி வராமல் எடுத்துவிட்டால் அந்த மனத்தாங்கல் ஒரு தலைமுறைக்கு நிற்கும். அந்த அண்ணன் கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ இருப்பார். அவர் பஸ் பிடித்து தேனி, போடி வந்து, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு தொட்டு, அங்கிருந்து மூணாறு வந்து, எஸ்டேட் ஜீப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் வழியிலுள்ள கேப் ரோட்டில் மண் சரிந்துவிட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் மலையில் குளிர்ப்பெட்டி ஆடம்பரச் சாமான் அல்ல. கீழிருந்து சொந்தம் ஏறி வரும்வரை உடலைக் காக்கிற ஒரே வழி அது.

எரிப்பதா புதைப்பதா என்பதைக்கூட இங்கே வானிலை பாதி முடிவு செய்கிறது. ஜூன் தொடங்கிவிட்டால் விறகு காயாது. ஊரில் எரிக்கும் வழக்கமுள்ள குடும்பமும் மலையில் புதைக்கப் பழகிக்கொண்டது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மூணாறில் அதற்கு வயது கோயிலைவிட அதிகம். 1894-ல் காலராவில் இறந்த, ஆங்கிலேயத் தோட்ட அதிகாரியின் மனைவி எலினர் இசபெல் மேயைக் குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். அதன் அடிவாரத்தில் இன்றைய சி.எஸ்.ஐ. கற்கோயில் எழுந்தது 1910 வாக்கில்தான்.

வண்டி ஏறும் உடல்

"ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க" என்பது பல பெரியவர்களின் கடைசி ஆசை. இதில் உணர்ச்சி மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. லயத்து வீடு வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டியது. புதைக்கும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தமானது. நாளைக்குப் பிள்ளைகள் வேலையை விட்டு மலையிறங்கிவிட்டால், கல்லறைக்கு ஒரு கார்த்திகை விளக்கோ மெழுகுவத்தியோ வைக்க யார் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது.

மறுபக்கமும் நியாயமானதுதான். 1877-க்குப் பிறகு கங்காணிகள் கூட்டி வந்த சனங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இது. ஊரில் இருப்பது குலதெய்வமும், இடிந்த ஒரு குட்டிச்சுவரும், முகம் தெரியாத பங்காளிகளும்தான். நாற்பது வருஷம் சேர்ந்து கொழுந்து கிள்ளியவர்கள் எல்லோரும் மலையில் இருக்க, உடல் மட்டும் 250 கிலோமீட்டருக்கு மேல் இறங்கிப் போனால் கூட அழ யார்? வேனில் பத்துப் பேர் போகலாம், ஒரு டிவிஷனே போக முடியாது.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் சண்டை வருகிறது. மூத்த மகன் ஊருக்கு என்பார், மகள் இங்கே என்பாள். உடல் வராந்தாவில் கிடக்க, இந்தப் பஞ்சாயத்து மணிக்கணக்கில் ஓடும். போனவரிடம் ஒரு வார்த்தை முன்பே கேட்டு வைத்திருந்தால் அத்தனையும் மிச்சம். மலையில் நடக்கும் சாவுகளில் தவிர்க்கக்கூடிய துயரம் என்று ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

கொண்டுபோவது என்று முடிவானால் கையில் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: இறப்பை உறுதி செய்த மருத்துவரின் சான்று, இறந்தவரின் ஆதார் நகல், கூடப் போகிறவரின் அடையாள அட்டை. செக்போஸ்ட்டில் நிறுத்திக் கேட்டால் காட்ட இவை போதும். யானை தாக்கியோ, பாம்பு கடித்தோ, விஷம் குடித்தோ, விபத்திலோ இறந்தவர் என்றால் கதை வேறு. பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் முடியாமல் உடலை எடுக்கவே கூடாது. "கௌரவமா எடுத்துடலாம், கேஸ் எதுக்கு" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு ரகசியமாக எடுத்துவிட்டால், பின்னால் வனத்துறை இழப்பீடு, விபத்துக் காப்பீடு எதற்கும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இல்லாமல் குடும்பம் கையைப் பிசைய வேண்டியதுதான். சூரியன் மறைந்தபின் போஸ்ட்மார்ட்டம் கிடையாது என்ற பழைய தடையும் 2021 நவம்பரில் தளர்ந்துவிட்டது. கொலை, தற்கொலைச் சந்தேகம் போன்ற வழக்குகள் நீங்கலாக, வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பாலக்காட்டுப் பக்கம் வேறு கதை

மலையிறங்கி வடக்கே வந்தால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, முதலமடை, கோவிந்தாபுரம். இங்கே எல்லை ஒரு வாய்க்கால் மாதிரி. காலையில் தாண்டி வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். பேச்சும் கொங்குத் தமிழ், எழவு வீட்டு முறைகளும் கொங்கு முறைகள். தோட்டம் உள்ளவர்கள் சொந்த நிலத்தின் மூலையில் வைத்துக்கொள்வார்கள். இல்லாதவர்களுக்கு ஊர்ச் சுடுகாடு. மின்மயானம் வேண்டுமென்றால் பாலக்காட்டில் சந்திரநகர், கோவையில் ஆத்துப்பாலம். எது பக்கம், எது கூட்டம் குறைவு என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். சாம்பல் கரைக்கவும் இரண்டு திசை. சிலர் பேரூர் நொய்யல் கரைக்குப் போவார்கள். சிலர் பாரதப்புழைக் கரையில் திருவில்வாமலைக்கு அருகே உள்ள ஐவர் மடத்துக்குப் போவார்கள். பாரதப் போர் முடிந்து பாண்டவர் ஐவரும் மாண்டவர்களுக்குக் கடன் கழித்த இடம் என்பது அங்குள்ள ஐதிகம்.

பாலக்காடு நகரத்துக்குள் கல்பாத்தி, நூரணி அக்ரகாரங்களில் இன்னொரு தமிழ், இன்னொரு முறை. "காசியில் பாதி கல்பாத்தி" என்ற பெருமை அந்த ஆற்றுப் படித்துறைக்கு உண்டு. அங்கே சிக்கல் மாநில எல்லை அல்ல, கடல். பெற்றோர் தெருவில், பிள்ளைகள் அமெரிக்காவிலும் துபாயிலும். மகன் வந்து இறங்கும்வரை குளிர்ப்பெட்டி. வாத்தியாரோடு வாட்ஸ்அப்பில் பேச்சு. பதிமூன்று நாளும் இருக்க லீவு கிடைக்குமா என்ற கவலை. லயத்தில் கயத்தாறு பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், கல்பாத்தியில் விமானத்துக்குக் காத்திருப்பதும் ஒரே காத்திருப்புதான். வெளிநாட்டில் இறந்த கேரளவாசியின் உடல் கேரள விமான நிலையத்துக்கு வந்தால், அங்கிருந்து வீடுவரை இலவச ஆம்புலன்ஸ் தருவதற்கு நோர்க்கா என்ற அரசு அமைப்பு இருக்கிறது. சித்தூர் தாலுகாத் தமிழரும் கேரளவாசிதான், அவருக்கும் இது உரிமை.

மண் இல்லாதவர்களின் சாவு

மலையாளக் கிராமங்களில் வீட்டு வளவின் தெற்குப் பக்கத்து மாமரத்தை வெட்டி, அங்கேயே சிதை அடுக்குவது பழைய வழக்கம். வளவு இருந்தால்தானே வழக்கம்? மூன்று நான்கு சென்ட் காலனி வீடுகளில் இடமில்லாமல் சமையலறைத் தரையைப் பெயர்த்துப் புதைத்த கதைகள் கேரளத்தில் உண்டு. இந்த நெருக்கடியிலிருந்துதான் வீட்டு வாசலுக்கே வந்து எரித்துக் கொடுக்கும் நடமாடும் எரிவாயுத் தகன மேடைகள் பிறந்தன. மலைச்சாலையில் ஏற முடியாத இடங்களுக்கு அதுவும் உதவாது.

நிலமில்லாதவர்களில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இது இரட்டைச் சுமை. சுடுகாடே சாதிக்கு ஒன்றாக இருக்கும் கொடுமையைத் தமிழ்நாடு நன்றாக அறியும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. உயிரோடு இருப்பவருக்குரிய கண்ணியம் உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. கிறிஸ்தவ சபைப் பிணக்குகளால் கல்லறை மறுக்கப்படக் கூடாது என்று கேரளம் 2020-ல் தனிச் சட்டமே போட்டது. சட்டம் இருக்கிறது. எல்லையோரப் பஞ்சாயத்துகளில் எல்லோருக்கும் பொதுவான மயானமும், அதற்கு வண்டி போகும் பாதையும்தான் எல்லா இடத்திலும் இல்லை.

காகிதத்தின் ஊர்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் அடுத்த துயரம் தொடங்குகிறது. இறப்புச் சான்றிதழ். இதில் எல்லையோரத் தமிழர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழ் தருவது குடியிருந்த ஊரும் அல்ல, அடக்கம் செய்த ஊரும் அல்ல. உயிர் பிரிந்த இடம் எதுவோ, அந்த உள்ளாட்சிதான். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவை அரசு மருத்துவமனையில் இறந்தால் சான்றிதழ் கோவை மாநகராட்சியில். மூணாறுக்காரர் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இறந்தால் பதிவு தமிழ்நாட்டில். லயத்தில் இறந்து கயத்தாறில் அடக்கம் செய்யப்பட்டவருக்குக் கயத்தாறில் எத்தனை முறை அலைந்தாலும் கிடைக்காது, மூணாறு பஞ்சாயத்துக்குத்தான் திரும்பி ஏற வேண்டும்.

1969-ம் ஆண்டின் பிறப்பு–இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. மருத்துவமனைச் சாவை மருத்துவமனை தெரிவிக்கும். வீட்டுச் சாவைக் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருஷம் வரை மேலதிகாரி அனுமதி, அதைத் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. 2023-ல் வந்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: இறப்பின் காரணம் குறித்த சான்றின் நகலை மருத்துவமனை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும். கேட்டு வாங்காமல் வண்டி ஏறக் கூடாது.

பெயர்தான் அடுத்த வில்லன். கேரள ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, தமிழ்நாட்டு பாங்குப் புத்தகத்தில் ஒரு எழுத்து, எஸ்டேட் பதிவேட்டில் செல்லப்பெயர். சான்றிதழில் பெயர் ஆதாரில் இருப்பதைப் போலவே பதிவாகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும். மலையாளம் எழுதத் தெரியவில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள உரிமை தருகிறது.

வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார். கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் விசாரித்து, அரசிதழில் அறிவித்து, 30 நாள் ஆட்சேபத்துக்கு விட்ட பிறகே கிடைக்கும். அவசரப்பட்டு எதுவும் ஆகாது. தோட்டத் தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால் வைப்பு நிதி, குடும்ப ஓய்வூதியம், வைப்பு நிதியோடு இணைந்த 7 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடு, பணிக்கொடை ஆகியவை குடும்பத்துக்குச் சேர வேண்டியவை. ஐந்து வருஷம் வேலை செய்திருந்தால்தான் பணிக்கொடை என்ற விதி, இறந்தவர் குடும்பத்துக்குப் பொருந்தாது. இத்தனைக்கும் திறவுகோல் அந்த ஒற்றைச் சான்றிதழ்தான்.

உடலே கிடைக்காதவர்கள் நிலை இன்னும் கடினம். காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள, சாதாரணமாகச் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. பேரிடர்களில் அரசு தனி உத்தரவு போட்டால்தான் வழி. 2024 ஜூலை 30-ல் வயநாடு முண்டக்கை–சூரல்மலையைப் புரட்டிய நிலச்சரிவுக்குப் பிறகு, காணாமல் போனவர்களை இறந்தவர்களாகக் கருதக் கேரள அரசு முடிவெடுத்தது. அங்கே அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் எண்ணிட்டு, எல்லா மதப் பிரார்த்தனையும் சொல்லி அடக்கம் செய்தார்கள். மரபணுச் சோதனையில் பெயர் தெரிய வந்தபோது எண்ணுக்குரிய குடும்பம் கண்டறியப்பட்டது. ராஜமலையின் நீளக் குழிகளைவிட இது ஒரு படி முன்னேற்றம்.

முதல் ஒரு நாள்: செய்ய வேண்டியவை

1. ஒரே ஒருவர் பொறுப்பு. மிக நெருங்கிய உறவு வேண்டாம். அழுகிறவரிடம் சாவி, பணம், போன் மூன்றையும் கொடுக்காதீர்கள்.

2. கண் தானம் சொல்லி வைத்தவர் என்றால் முதல் போன் அதற்குத்தான். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.

3. வீட்டில் இறந்தால் மருத்துவரை வரவழைத்து எழுத்தில் வாங்குங்கள். வார்டு மெம்பருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.

4. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். உங்கள் ஊர் எல்லைக்கு அப்பால் என்றால் எதுவரை வரும் என்று கேட்டுவிட்டு, மீதித் தூரத்துக்கு வண்டி பேசுங்கள். தனியார் வண்டி என்றால் போக–வர வாடகை, காத்திருப்புக் கூலி, மலையேற்றக் கூலி எல்லாம் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாகப் பேசுங்கள்.

5. மொய்யும் செலவும் ஒரே நோட்டில் ஏறட்டும். பின்னால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வராது.

6. இறந்தவரின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்காதீர்கள். காரியச் செலவுக்கே என்றாலும் அது சிக்கல்.

கேரளக் கிராமங்களில் மரண சகாய சங்கம் என்று ஒன்று தெருவுக்குத் தெரு இருக்கும். மாதம் ஒரு சிறு தொகை. சாவு விழுந்த அன்றே கையில் பணம், பந்தல், நாற்காலி, பாத்திரம். பல லயங்களிலும் எல்லையோரக் கிராமங்களிலும் தமிழர்களும் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கற்காத ஊர்களில் என்ன நடக்கிறது? வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார். அப்பாவை அடக்கம் செய்த கடனை மகள் கல்யாணம்வரை கட்டும் வீடுகளைப் பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை.

இரண்டு அரசுகளும் செய்ய வேண்டியவை மூன்று. எல்லையோரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றிலும் சாதி, மதம் பாராத பொது மயானம். மழை மிகுந்த மலைப்பகுதியில் அது எரிவாயுத் தகன மேடையோடு. எஸ்டேட் புதைகாடுகளுக்கு, தோட்டம் கைமாறினாலும் கலைக்க முடியாதபடி அரசுப் பதிவு. எல்லை தாண்டி வந்து இறந்தவருக்கான அமரர் ஊர்தி, வீட்டு வாசல்வரை போக இரு மாநில ஒப்பந்தம். இவற்றில் எதுவும் பெரிய செலவல்ல.

குடும்பம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ எல்லோரும் கூடும்போது, வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "உங்களுக்கு எங்க வைக்கணும்? எரிக்கணுமா, புதைக்கணுமா? யார் செய்யணும்?" அபசகுனம் என்று யாராவது வாயை அடைப்பார்கள். கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் தயங்க மாட்டார். பதில் அவரிடம் எப்போதோ தயாராக இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, ஆதார் நகலும் பாங்குப் புத்தக நகலும் சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியட்டும்.